கடைசிக் கொடுப்புப் பல்

பல்லுக்கொதி என்றதும் சூத்தைப் பல்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளை, அதுவரை பல்லுக்கென்று ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத பிள்ளை, திடீரென ஒரு பக்கக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஞானப்பல்லை. நமது வீடுகளில் அந்த வயது உயர்தரப் பரீட்சைக் காலமாகவும் இருக்கிறது. "நித்திரை முழிச்சுப் படிச்ச சூடு" என்று தாய்மார் முடிவுகட்டி, எண்ணெய் வைத்து முழுகவார்த்து, நாலு நாளைக் கடத்திவிடுவார்கள். சூட்டுக்கும் இந்தப் பல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மற்றப் பற்கள் எல்லாம் முளைத்து இடம்பிடித்த பிறகு, தாடையின் மூலையில் மிஞ்சிய இடத்துக்குள் வரவேண்டிய பல் இது. இடம் போதாவிட்டால் முன்னாலுள்ள பல்லின்மேல் சாய்ந்துகொள்ளும், அல்லது பாதி வெளியே வந்து நின்றுவிடும். மீதிப் பாதியை முரசின் ஒரு மடல் மூடிக் கிடக்கும். மடலுக்கும் பல்லுக்கும் நடுவே சின்னதாக ஒரு பை. சோற்றுப் பருக்கை, மீன் சதை, பாண் துணிக்கை எல்லாம் அதற்குள் போகும். பிரஷ் மட்டும் போகாது. அங்கே கிருமி பெருகி மடல் வீங்கும். வீங்கிய மடலை மேல்வாய்ப் பல் ஒவ்வொரு கடியிலும் மிதிக்கும். மிதிபட மிதிபட இன்னும் வீங்கும். கீழ்த்தாடையில்தான் இது அதிகம்.

அழுக்குச் சேர்ந்ததால் வந்த நோ இது. ஆகவே வீட்டில் செய்யவேண்டிய முதல் வேலை கழுவுவது. குளிசை இரண்டாவது. கராம்பு, உள்ளி வகையறா எல்லாம் அதற்கும் பின்னால். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் பனடோல், பிறகு கராம்பு, பிறகு அயல்வீட்டில் மிஞ்சிக்கிடந்த அன்ரிபயோட்டிக். நோகிறதென்று அந்தப் பக்கம் பிரஷ் போடுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாத வேலை அது ஒன்றுதான்.

பார்த்து அறிதல்

கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்வரிசையின் கடைசியில் முரசு சிவந்து உப்பியிருந்து, அதற்குள்ளிருந்து பல்லின் ஒரு முனை எட்டிப்பார்த்தால், மடல் வீக்கம் என்று பெரும்பாலும் உறுதிகொள்ளலாம். வாயில் ஒரு கெட்ட மணம், கைக்கும் சுவை, எச்சில் விழுங்கும்போது நோ, காதுக்குள் குத்து, தாடைக்குக் கீழே தொட்டால் நோகிற நெறி ஆகியவையும் கூட வரலாம். காது குத்துகிறதென்று காதுக்குத் துளி மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

குளிர்தண்ணியோ இனிப்போ பட்டதும் சுள்ளென்று ஏறி, சில நிமிடம் நின்று நோகிறது என்றால் அது சூத்தையாக இருக்கக்கூடும். ஞானப்பல்லிலேயே இருக்கலாம், அது சாய்ந்துகிடப்பதால் இடுக்கில் அழுக்கு ஏறி, முன்னாலுள்ள நல்ல கொடுப்புப் பல்லிலும் சூத்தை விழுந்திருக்கலாம். இரவில் படுத்தால் விண்விண் என்று தெறிக்கும் நோவும் அந்த வகைதான். கழுவினால் இது தணியாது. பல் வைத்தியரிடம் போகும்வரை குளிசையால் தாங்கிக்கொள்ள மட்டுமே முடியும்.

வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வீக்கமும் நோவும் இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வாய் திறப்பது குறைந்து, உறைப்புப் பட்டால் வாய் முழுவதும் எரிகிறது என்றால் ஞானப்பல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். பாக்கினால் வாயின் உட்தோல் இறுகிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. இப்படி இறுகியிருக்கும் வாயை வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும்.

கழுவுதல்

ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பும் ஆகும், பைக்கற் தூள் உப்பும் ஆகும். இதில் ஒன்று மற்றதைவிட மருந்து என்று கிடையாது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் கிணற்றுத் தண்ணீரே உவராக இருக்கிறதே, அப்படியே கொப்பளித்தால் என்ன என்று கேட்பார்கள். கிணற்றுக்குக் கிணறு உப்பின் அளவு வேறுபடும். கொதிக்காத தண்ணீரில் வேறு கிருமியும் இருக்கும். குடிக்கிற தண்ணீரை எடுத்துக் கொதிக்கவைத்து உப்புப் போடுவதே சரி.

கொப்பளிக்கும் முறையில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தொண்டையில் களகளவென்று சத்தம்போட்டுத் துப்பினால் தண்ணீர் அந்தப் பைக்குள் போகாது. ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து, நோகிற பக்கம் தலையைச் சரித்து, கன்னத்தால் மெல்ல அழுத்தி, அரை நிமிடம் அங்கேயே அலையவிட்டுத் துப்புங்கள். கிளாஸ் முடியும்வரை இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கைக்குப் போகுமுன்னும். பிரஷர் உள்ளவர்கள் விழுங்காமல் துப்பினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ் ஒன்று வாங்கி, அதே உப்புத்தண்ணீரை நிரப்பி, மடலின் விளிம்பில் மெல்லப் பீச்சினால் இன்னும் நல்லது. நுனியை உள்ளே குத்தவேண்டாம். கண்ணாடியின் முன்னால் நின்று செய்யுங்கள். சில வேளை பழைய சோற்றுப் பருக்கை ஒன்று வெளியே வந்து விழும். அன்றிரவே நோ கணிசமாகக் குறையலாம். பல் வைத்தியர் முதல் நாளில் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான், அவரிடம் உள்ள கருவியும் வெளிச்சமும் மேலானவை.

பிறகு பிரஷ். பெரியவர்களின் பிரஷ் தலை அந்த மூலைக்குப் பெரிது. குழந்தைகளுக்கென்று விற்கும் மெல்லிய நாருள்ள சின்ன பிரஷ்தான் இந்தப் பல்லுக்குச் சரியான ஆயுதம். வாயை முழுக்கத் திறந்தால் கன்னம் இறுகி வழியை அடைக்கும்; பாதி மூடிய வாய்க்குள் பக்கவாட்டாகக் கொண்டுபோங்கள். முதல் நாள் கொஞ்சம் இரத்தம் கசிந்தாலும் விடாதீர்கள். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் முன்பற்களுக்கு எப்படியோ, கடைசி மூலையில் அவை முரசைக் கிழிக்கத்தான் உதவும். குண்டூசி, ஈர்க்கு, கொண்டை ஊசி பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

குளோரெக்சிடின் 0.2 வீத வாய்கழுவி மருந்துக்கடைகளில் கிடைக்கும். காலையும் மாலையும் 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம். பற்பசை போட்டவுடன் பாவித்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அரை மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள். பாவித்த கையோடு தேத்தண்ணி குடித்தால் பல்லில் மண்ணிறக் கறை படியும். நம் ஊரில் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமல்ல. நேரத்தைத் தள்ளிவைத்தாவது குடியுங்கள்.

குளிசை

"அண்ணை, பல்லுக்கொதிக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்று கேட்பதும், மருந்துக்கடைக்காரர் ஒரு கடதாசி உறையில் பெயரில்லாத இரண்டு குளிசையைப் போட்டுத் தருவதும் நமக்குப் பழகிப்போன வியாபாரம். உறையின்மேல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது என்னவென்று தெரியாமல் விழுங்கவேண்டாம்.

பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் ஒருபோதும் கூடாது. மெலிந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள், தினம் குடிப்பவர்கள் இந்த அளவுக்கே போகாமல் வைத்தியரிடம் கேட்கவேண்டும். தடிமனுக்கென்று விற்கும் பல குளிசைகளுக்குள்ளும் பரசிற்றமோல்தான் இருக்கிறது. பல்லுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று என்று போட்டு, தெரியாமலே இரட்டிப்பு அளவை விழுங்குபவர்கள் உண்டு. கெடுதல் ஈரலுக்கு, அது உடனே தெரியவும் மாட்டாது.

ஐபுபுரோபன் இந்த நோவுக்கு இன்னும் நன்றாக வேலைசெய்யும். ஞானப்பல் பிடுங்கிய பின் வரும் நோவைத்தான் உலகெங்கும் நோ மருந்துகளைச் சோதிக்கும் களமாக ஆய்வாளர்கள் வைத்திருக்கிறார்கள். மற்றபடி ஆரோக்கியமான இளவயதினர், எப்போது தொடங்கும் என்று தெரிந்த நோ: சோதனைக்கு வேறென்ன வேண்டும்? அப்படி நடந்த சோதனைகளைத் திரட்டி 2013 இல் வந்த கொக்ரேன் ஆய்வு, ஐபுபுரோபன் 400 மில்லிகிராம் பரசிற்றமோல் 1000 மில்லிகிராமைவிட மேல் என்றும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மேல் என்றும் கண்டது. சாப்பிட்ட பிறகு 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறைக்கு மேற்படாமல், இரண்டு மூன்று நாள். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய், இழுப்பு உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. அவர்களுக்குப் பரசிற்றமோல்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கித் தை வரைக்கும் இங்கே டெங்குக் காலம். பல்லும் கொதித்து உடம்பும் காய்ந்தால், காய்ச்சல் பல்லால் வந்ததா நுளம்பால் வந்ததா என்று வீட்டில் இருந்து சொல்லமுடியாது. அப்படியான நாளில் ஐபுபுரோபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். டெங்கில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோலோடு நின்று, இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

அன்ரிபயோட்டிக் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. மடல் வீக்கம் மட்டும் இருக்கும்போது கழுவினாலே போதும், அன்ரிபயோட்டிக் தேவையில்லை. காய்ச்சலோ பரவுகிற வீக்கமோ வந்தால் அது தேவை, ஆனால் அந்த நிலையில் நீங்கள் வைத்தியரின் முன்னால் இருக்கவேண்டும். அவர் மெற்றோனிடசோல் எழுதித் தந்தால், அது முடியும்வரை கள்ளும் சாராயமும் வேண்டாம் என்பார். கேளுங்கள். லண்டனிலிருந்து மாமி பார்சலில் அனுப்பிய மிச்சக் குளிசைகள் அவரின் நோய்க்கு எழுதப்பட்டவை. அவை உங்களுக்கல்ல.

கராம்பும் புகையிலையும்

கராம்பில் உள்ள யூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களே தற்காலிக அடைப்புக்குப் பாவிக்கும் பொருள்தான். ஆனால் அது பயன்படுவது சூத்தைக் குழிக்குள். வீங்கிய முரசில் தைலத்தை நேரே விட்டால் தோல் வெந்து வெள்ளையாகிவிடும்; மறுநாள் இரண்டு நோ. ஒரு துளித் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டுப் பல்லில் வைக்கலாம். அல்லது ஒரு முழுக் கராம்பைக் கொஞ்ச நேரம் மெல்லக் கடித்துக்கொண்டிருக்கலாம். உள்ளியை நசுக்கி வைப்பதும், அஸ்பிரினைப் பொடித்து முரசில் அப்புவதும் இதே வேக்காட்டைத்தான் தரும். அஸ்பிரின் வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்தால்தான் வேலைசெய்யும்.

புகையிலை இந்த மண்ணில் விளையும் பயிர் என்பதால் அதன்மேல் நமக்கு ஒரு பாசம். நோகிற பல்லில் ஒரு துண்டை அடக்கிவைத்தால் மரக்கும் என்பதும் பொய்யல்ல. ஆனால் இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் இருப்பவர்களைப் பார்த்தவர்கள் புகையிலையை மருந்தென்று சொல்லமாட்டார்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

கன்னத்தின் வெளியே சித்தாலேபத் தைலம் பூசினால் பெரிய தீங்கில்லை, வாய்க்குள் மட்டும் வேண்டாம். கன்னம் வீங்கியிருந்தால் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே பிடித்து எடுங்கள். உள்ளே இளஞ்சூடு, வெளியே குளிர். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தினால் தெறிப்புக் குறையும்.

சாப்பாடு பெரிய விஷயமல்ல. இடியப்பமும் சொதியும், குழைந்த சோறு, கஞ்சி, தயிர். உறைப்புக் கூழை இரண்டு நாள் ஒத்திவையுங்கள். புழுக்கொடியலும் நல்லூர்த் திருவிழாக் கச்சானும் வேண்டவே வேண்டாம். கச்சான் துணிக்கைக்கு மடலுக்குக் கீழே இருக்கும் பை மிகவும் பிடித்த இடம். பனங்கிழங்கும் நாருள்ள மாம்பழமும் அப்படித்தான். ஐஸ்கிறீம் தாராளமாகச் சாப்பிடலாம், சூத்தை இல்லாவிட்டால்.

எப்போது புறப்படுவது

ஒழுங்காகக் கழுவினால் இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கவேண்டும். குறையாவிட்டால் பல் கிளினிக்குக்குப் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் பல் வைத்தியம் பார்க்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசில்லை. காலையிலேயே போய்த் துண்டு எடுக்கவேண்டும், அவ்வளவுதான். பிரஷர், சீனி வருத்தம், இதய வால்வு நோய் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியையும், எடுக்கும் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள். வோபரின், குளோபிடோகிரெல் போன்றவற்றை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

சில நிலைகளில் இரண்டு மூன்று நாள் என்ற கணக்கு இல்லை. உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள், வழக்கமாகப் போகும். இரண்டு விரல்கூடப் போகாவிட்டால் வீக்கம் மெல்லும் தசைகளைப் பிடித்துவிட்டது என்று பொருள், அன்றைக்கே போகவேண்டும். கீழ் ஞானப்பல்லின் வேர் நுனி, நாக்குக்கு அடியில் விரிந்திருக்கும் தசைக்கும் கீழே நிற்கிறது. அதனால் அங்கிருந்து புறப்படும் சீழ் நேரே தாடைக்குக் கீழும் கழுத்துக்கும் இறங்க வழி இருக்கிறது. தாடைக்கு அடியில் கல்லுப்போல் வீக்கம், நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, குரல் அடைத்துப்போவது, மூச்சுவிடக் கஷ்டம்: இதில் ஒன்று தெரிந்தாலும் இரவு எத்தனை மணியென்று பார்க்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களில் இந்த வீக்கம் பரவும் வேகம் மிக அதிகம். அவர்கள் மற்றவர்களைவிட ஒரு நாள் முன்னதாகவே போய்விடவேண்டும்.

நெடுந்தீவுக்காரர் இந்தக் கணக்கை இன்னும் முன்னுக்கு இழுக்கவேண்டும். குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து வரவேண்டும். காற்றடிக்கும் நாளில் படகு ஓடுமோ ஓடாதோ தெரியாது. காலையில் வீக்கம் கன்னத்துக்கு இறங்கியிருப்பது தெரிந்தால், பின்னேரம் பார்ப்போம் என்று இருக்காமல் கிடைக்கும் படகிலேயே ஏறிவிடுங்கள்.

பிடுங்குவதா விடுவதா

கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணர் தொலைபேசியில் "நாலையும் ஒரேயடியாப் பிடுங்கிவிடு" என்பார். அங்கே அது பரவலான வழக்கம். பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டலோ, நோயில்லாத ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டாம் என்று 2000 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மடல் வீக்கம் முதல்முறை வந்து, மோசமாகாமல் அடங்கினால் விட்டுவிடலாம். இரண்டாம் முறை வந்தால் பிடுங்க யோசிக்கலாம் என்பது அதன் கணக்கு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. நேராக முளைத்து, மேல்பல்லோடு பொருந்திக் கடிக்கும் ஞானப்பல் உங்களுக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

பிடுங்கவேண்டி வந்தால், வீக்கம் பரவியிருக்கும் நாளில் வைத்தியர் பெரும்பாலும் உடனே கைவைக்கமாட்டார். சீழ் பிடித்த இடத்தில் விறைப்பூசி சரியாக ஏறாது. முதலில் கழுவி, தேவைப்பட்டால் மருந்து தந்து, அடங்கியபின் வரச்சொல்வார். "பிடுங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்" என்று கோபித்துக்கொண்டு போகாமல் விட்டுவிடாதீர்கள். சொன்ன திகதிக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுப்பது, கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வேருக்கு எவ்வளவு அருகே ஓடுகிறது என்று பார்ப்பதற்கும்தான்.

பிடுங்கிய அன்று பஞ்சை அரை முக்கால் மணித்தியாலம் இறுக்கிக் கடித்திருங்கள். முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவோ, பலமாகத் துப்பவோ, ஸ்ரோவால் உறிஞ்சவோ கூடாது. குழிக்குள் உறைந்த இரத்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி. சுருட்டும் சிகரெட்டும் அந்தக் கட்டியைக் கெடுக்கும். மறுநாளிலிருந்து அதே உப்புத்தண்ணீர், மெல்ல. நோ இரண்டு நாள் குறைந்துவந்து, மூன்றாம் நாளளவில் திரும்பவும் ஏறிக் காதுவரை குத்தினால் கட்டி கழன்று எலும்பு வெளித்தெரிகிறது என்று பொருள். வீட்டில் குளிசையைக் கூட்டிப் பயனில்லை. பிடுங்கிய இடத்துக்கே திரும்பிப் போனால், குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே நோ தணியத் தொடங்கும்.